மலைச் சில்லைக்கு ஒரு பிடி புல்: வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

போன இதழில் நீலகிரிப் புல்வெளிகளைப் பற்றி எழுதும்போது கருந்தொண்டைச் சில்லை என்ற சின்னக் குருவியை இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் பாம்பு, பட்டாம்பூச்சிக் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மாதம் முழுக்க இந்தக் குருவியும் அதன் உறவுக்காரர்களும்தான்.

டீச்சர், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடைப் பக்கம் புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு குருவிகள் சேர்ந்து வந்து உட்காருகின்றன. முகம் நல்ல கறுப்பு. ஊர்ப்பக்கம் பார்க்கிற சிட்டுக்குருவி மாதிரி இல்லை. நீங்கள் எழுதிய சில்லை இதுதானா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பெரும்பாலும் அதுதான் அம்மா. முதலில் அலகைப் பாருங்கள். குட்டையாக, அடிப்பக்கம் தடித்து, ஈயச் சாம்பல் நிறத்தில் இருக்கும். முகமும் தொண்டையும் கருமை, முதுகு அடர் பழுப்பு, வால் கறுப்பு. கழுத்தின் பக்கங்களும் வயிறும் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக ஒரே சீராக இருக்கும். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 12 சென்டிமீட்டர்தான்.

உங்கள் பக்கத்தில் இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. புள்ளிச் சில்லைக்கு மார்பில் செதில் செதிலாகக் கோடு இருக்கும், முகம் செம்பழுப்பு. வெண்முதுகுச் சில்லைக்கு வாலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை, வயிறும் வெளுப்பு. அது எழுந்து பறக்கும்போது அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். கருந்தொண்டைச் சில்லைக்கு அந்தப் பட்டை கிடையாது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். கூட்டத்தில் கறுப்பு முகமில்லாத, வெளிறிய சில பறவைகள் இருந்தால் வேறு இனம் என்று நினைக்க வேண்டாம். கூட்டை விட்டு வந்து அதிக நாள் ஆகாத இளசுகள் அவை.

நீங்கள் ஓடைப் பக்கம் என்று எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பலர் புல்வெளிப் பறவை என்றதும் பெரிய மொட்டை மேட்டின் நட்டநடுவில் போய்த் தேடுகிறார்கள். இது அங்கே அதிகம் நிற்பதில்லை. புல்லும் புதரும் சந்திக்கிற இடம், சோலை என்கிற மலைக்காட்டின் விளிம்பு, காட்டுக்குள் திறந்து கிடக்கிற வெளி, தோட்டத்து ஓரம், இவைதான் அதற்கு ஏற்றவை. சாப்பாடு புல்லில் கிடைக்கும், கூடு கட்டவும் ஒளியவும் புதர் வேண்டும். மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரம் வரை இதைப் பார்க்கலாம். மேற்கு மலைத்தொடரின் தென்பகுதி, கிழக்கு மலைகள், இலங்கையின் மலைநாடு. உலகத்தில் இதற்கு இவ்வளவுதான் இடம்.

இத்தனூண்டு விதையைத் தின்றால் அதற்கு வயிறு நிரம்புமா மிஸ்? புல்லையும் தின்னுமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், குன்னூர்

நிரம்பும் கண்ணா, ஆனால் நாள் முழுக்க உழைக்க வேண்டும். அதனால்தான் நீ எப்போது பார்த்தாலும் அது ஏதாவது ஒரு கதிரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

புல்லின் இலையை அது தின்னாது. கதிர்தான் அதற்கு வேண்டும். தண்டில் ஏறிக் கதிரைக் காலால் பிடித்துக்கொண்டு விதைகளை ஒவ்வொன்றாக உருவும். கீழே சிந்தியதைத் தரையிலும் பொறுக்கும். விதையை அப்படியே விழுங்காது. நாக்கால் உருட்டி அலகின் விளிம்பில் வைத்து அழுத்தும். உமி பிளந்து வெளியே விழும், உள்ளே இருக்கிற பருப்பு மட்டும் தொண்டைக்குள் போகும். அந்தக் குட்டைத் தடித்த அலகு எதற்கு என்று இப்போது புரிகிறதா? அது உட்கார்ந்து சாப்பிட்ட இடத்துக்கு அடியில் போய்ப் பார். மெல்லிய உமித் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். பல் இல்லாததால் விழுங்கிய பருப்பை வயிற்றில் அரைத்துக்கொள்ள மணல், பொடிக்கல் இவற்றையும் பொறுக்கித் தின்னும். பாதையோரம் கூட்டமாக இறங்கி மண்ணைக் கொத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று சொல்கிறேன், இதை உங்கள் பாட்டியிடம் கேட்டால் இன்னும் நன்றாக விளக்குவார்கள். ராகியோ சாமையோ கதிர் விட்டதும் முதலில் பால் பிடிக்கும், அப்புறம் மணி முற்றும். காட்டுப் புல்லும் அப்படித்தான். பால் பிடித்த, பாதி முற்றிய விதை மெத்தென்று இருக்கும், நீரும் அதிகம். சில்லைகள் குஞ்சுக்கு ஊட்ட அதையே அதிகம் தேடும். தாயும் தகப்பனும் தீனிப்பையில் நிரப்பிக்கொண்டு வந்து, கக்கி ஊட்டும். கூட்டுக்குள்ளே நல்ல இருட்டு. குஞ்சு வாயைத் திறந்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். எங்கே ஊட்ட வேண்டும் என்று பெற்றோருக்கு அது அடையாளம். சில்லைகளின் குடும்பம் முழுக்க இந்தப் புள்ளிகள் உண்டு, இனத்துக்கு இனம் அமைப்பு மாறும்.

ஒரே வகைப் புல் மட்டும் இருக்கும் இடத்தில் எல்லாக் கதிரும் ஒரே சமயத்தில் முற்றி உதிர்ந்துவிடும், அப்புறம் சில்லைக்குப் பட்டினிதான். நம் மலைப் புல்வெளியில் பல வகைப் புல் கலந்து வளர்கிறது. ஒன்று உதிரும்போது இன்னொன்று பால் பிடிக்கும். உங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவில் எத்தனை வகைக் கதிர் தெரிகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊருக்கு மேலே ஒரு பெரிய புல்மேடு சும்மா கிடக்கிறது. எங்கள் இளைஞர் குழு அங்கே ஆயிரம் மரக்கன்று நடப்போகிறது. சில்லை போன்ற பறவைகளுக்கும் பயன்படும்படி என்ன மரம் நடலாம்?
— இளைஞர் குழுவினர், கொடைக்கானல் மேல்மலை

தம்பிகளா, உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரிகிறது. அதனால் நேராகவே சொல்கிறேன். அந்த மேட்டில் ஒரு கன்றுகூட நடாதீர்கள்.

அந்த மேடு சும்மா கிடக்கவில்லை. நம் மலை உச்சிகளில் புல்லும் சோலையும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். மடிப்புகளிலும் ஓடை இறங்கும் பள்ளங்களிலும் சோலை, மேட்டிலும் சரிவிலும் புல். மார்கழி, தையில் உறைபனி விழுகிற இரவுகளில் திறந்த மேட்டில் முளைத்த சோலைக் கன்றுகள் கருகிப் போகும். புல் தன் தூரில் உயிரை வைத்திருந்து மறுபடி துளிர்க்கும். யாரோ எப்போதோ காட்டை அழித்ததால் வந்த வெட்டவெளி இது என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். நீலகிரியில் சதுப்புகளில் மக்கிப் படிந்த மண் அடுக்குகளை ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்திருக்கிறது. கோடரியும் கலப்பையும் இந்த மலைக்கு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பு!

இதை வீண் நிலம் என்று முதலில் எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். மலையில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்குக் கூழ்மரம் என்று மேடு மேடாகப் புல்லை மூடினோம். அத்தனையும் அன்றைக்குப் ‘பசுமை’ வேலை என்றுதான் சொல்லப்பட்டது. உங்கள் பழனி மலைக்கே வருவோம். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. போன இடத்தில் இருப்பவை மரத் தோட்டங்களும் விவசாய நிலமும். நீங்கள் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிற மேடு, மிச்சமிருக்கிற மூன்றில் ஒரு பங்கைச் சேர்ந்தது.

சீகைக் காட்டுக்குள் ஒரு தடவை நடந்து பாருங்கள். அடியில் வெயிலே விழாது, கதிர் விடும் புல் அங்கே நிற்காது. சில்லைக்கு அங்கே ஒரு வாய்ச் சாப்பாடு கிடையாது. சில்லையாவது தோட்டத்து ஓரத்திலும் ரோட்டோரப் புல்லிலும் சமாளித்துக்கொள்ளும். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு பறவை இருக்கிறது. பூச்சி தின்கிற பறவை. மேற்கு மலைத்தொடரின் உச்சிப் புல்வெளிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. அது எங்கே போகும்?

பறவைக்காக வேண்டாம், தண்ணீருக்காகவாவது யோசியுங்கள். நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் மண், நீர்வள ஆராய்ச்சியாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு ஓடை நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. உங்கள் ஊர்க் குடிநீர் ஓடை எங்கே பிறக்கிறது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அந்தப் புல்மேட்டுக்கு அடியில்தான் என்று சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

சரி, உங்கள் ஆயிரம் கைகளுக்கு என்ன வேலை? வேலை நிறைய இருக்கிறது. புல்மேட்டின் ஓரங்களில் சீகை நாற்றுகள் தானாக ஏறி வந்துகொண்டிருக்கும். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்போது மழை முடிந்த ஈர மண்ணில் வேரோடு பிடுங்கிவிடலாம். பெரிய மரத்தை வெட்டினால் மட்டும் தீராது. மண்ணில் கிடக்கிற விதைகள் பல ஆண்டு உயிரோடு இருந்து, வெளிச்சம் பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஆகவே வருஷா வருஷம் திரும்பிப் போக வேண்டும். அதற்குத்தான் ஊர்க்காரர்கள் வேண்டும், வெளியிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவர்களால் அது நடக்காது. வனத்துறை நிலமாக இருந்தால் முதலில் ரேஞ்சர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். கன்று நட்டே ஆக வேண்டும் என்றால், சிதைந்து போன சோலைக்குள் சோலை மரக் கன்றுகளை நடுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரை விளிம்பில் ஒரு சோடிக் குருவி உருண்டையாகக் கூடு கட்டியிருக்கிறது. புல் குப்பை கொட்டுகிறது என்று வீட்டுக்காரர் பிரித்துப் போடச் சொல்கிறார். நீங்கள் போட்ட படத்தில் வயிறு வெறும் பழுப்பு. எங்கள் குருவிக்கு வயிறெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறது. இது வேறு சாதியா டீச்சர்?
— ஒரு வாசகி, நுவரெலியா

ஒரே இனம்தான். நான் போட்ட படம் நீலகிரியில் எடுத்தது. இந்தியப் பக்கத்துப் பறவைக்கு வயிறு சீரான பழுப்பு. இலங்கைப் பறவைக்கு வயிற்றில் நீங்கள் சொன்ன கறுப்பு வெள்ளை வரிகள், கழுத்தின் இரு பக்கமும் வெளிர் மஞ்சள் கலந்த ஒரு திட்டு. நடுவே சமவெளியும் கடலும் இருக்க, இரண்டு மலைகளிலும் தனித்தனியே வாழ்ந்து இப்படி வேறுபட்டு நிற்கின்றன. ஆந்திர, ஒடிசாப் பக்கத்துக் கிழக்கு மலைப் பறவையையும் தனித் துணையினமாக வைத்திருக்கிறார்கள்.

இதன் விஞ்ஞானப் பெயரில் உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்வர்ட் ஃப்ரெடரிக் கெலார்ட், 1819-இல் இலங்கையில் பிறந்த மருத்துவர், அந்தத் தீவின் விலங்குகளையும் பறவைகளையும் பட்டியலிட்ட முன்னோடிகளில் ஒருவர். அவர் 1860-இல் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் இந்தப் பறவையை விவரித்தபோது கெலார்டின் பெயரைச் சூட்டினார்.

கூட்டைத் தயவுசெய்து கலைக்க வேண்டாம். மரத்திலும் கட்டும், வீட்டுக் கூரை விளிம்பிலும் கட்டும். அதற்கு இரண்டும் ஒன்றுதான். புல்லை வளைத்து மேலே மூடிய பெரிய உருண்டையாகக் கட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கும். உள்ளே மூன்று முதல் எட்டு வரை வெள்ளை முட்டைகள் இருக்கலாம். குஞ்சு பறந்து போன பிறகும் சில நாள் இரவில் வந்து அடையும். கீழே விழும் புல்லுக்கு ஒரு பழைய சாக்கை விரித்து வையுங்கள், வாரத்துக்கு ஒரு தரம் உதறினால் போதும். வீட்டில் பூனை இருந்தால், கூரை விளிம்புக்கு அருகே ஏறிப் போக வசதியாக விறகு அடுக்கியிருக்கிறதா என்று பார்த்து நகர்த்தி வையுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

திருப்பூர்ச் சந்தையில் பச்சை, ரோஸ் கலரில் சின்னச் சின்னச் சில்லைகள் விற்கிறார்கள். என் மகள் ஆசைப்படுகிறாள். எது நன்றாக வளரும்?
— ஒரு வாசகர், திருப்பூர்

எதுவும் வாங்காதீர்கள். அந்தக் கலர் சாயம். வயலிலும் புல்காட்டிலும் வலை போட்டுப் பிடித்த புள்ளிச் சில்லை போன்ற பறவைகளுக்குத்தான் சாயம் அடித்து விற்கிறார்கள். பிடித்து அடைத்துக் கொண்டுவருவதற்குள் கூண்டில் பல செத்துப் போயிருக்கும். நம் நாட்டுக் காட்டுப் பறவையை விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்பவரைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு குளத்துக் கரைக்குக் கூட்டிப் போங்கள். புல் கதிர் விட்டிருந்தால் சில்லை அங்கே சாயமில்லாமல் கிடைக்கும்.

நான் லடாக்கில் பணியில் இருக்கிறேன். மரமே இல்லாத மேட்டில் குருவி மாதிரி ஒன்று எலி வளைக்குள் நுழைந்து நுழைந்து வருகிறது. இறக்கையில் வெள்ளை. குருவி எதற்கு வளைக்குள் போகிறது?
— தென்காசியைச் சேர்ந்த ஒரு ராணுவ வீரர்

வணக்கம் தம்பி. உங்கள் கடிதத்தை நான் வகுப்பில் படித்துக் காட்டுவது மாதிரி வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

நீங்கள் பார்த்தது பனிக்குருவி. சில்லைக் குடும்பம் இல்லை, நம் சிட்டுக்குருவிக்குத்தான் சொந்தம். லடாக்கில் சாதாரணமாகக் காணக்கூடியது திபெத்தியப் பனிக்குருவி. பறக்கும்போது இறக்கையிலும் வாலின் ஓரத்திலும் வெள்ளை தெரியும். விதைதான் முக்கிய உணவு, வெயில் காலத்தில் பூச்சியும் சேர்த்துக்கொள்ளும். மரமில்லாத ஊரில் கூடு எங்கே வைப்பது? பாறை இடுக்கு, கட்டடச் சுவர், இல்லையென்றால் வளை.

அந்த வளை எலியுடையதாக இல்லாமல் பைக்காவுடையதாக இருக்கலாம். வட்டக் காது, வால் வெளியே தெரியாது, முயலின் உறவு. மறுபடி கண்டால் வாலைக் கவனியுங்கள். திபெத் பீடபூமியில் சில பனிக்குருவி இனங்கள் பைக்கா வளையை நம்பியே குஞ்சு பொரிக்கின்றன. உறைய வைக்கும் காற்றிலிருந்து வளைதான் காப்பாற்றும். சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், பைக்கா புல்லைத் தின்று மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று சொல்லி பல ஆண்டுகள் விஷம் வைத்தார்கள். விஷம் வைத்த இடங்களில் வளைகள் இடிந்து தூர்ந்தன, பனிக்குருவிகளும் குறைந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மேல்மலைத் தம்பிகளுக்கு எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நியூ கினியின் மலைகளில் 3,000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிகளிலும் நம் சில்லையின் நேர் உறவுகள் இரண்டு வாழ்கின்றன. அங்கே பணிக்குப் போகிற வாசகர் யாராவது இருந்தால் எனக்கு எழுதட்டும்! நீங்கள் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் சில்லைக்குத் தினை வைக்கலாமா? மாதம் ஒரு தடவை மெஷின் வைத்துப் புல் வெட்டுகிறோம், அதனால் ஏதும் பாதிப்பு உண்டா?
— ஓர் ஆசிரியை, ஊட்டி

தினை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஊட்டியின் மூடுபனியில் தானியம் இரண்டு நாளில் நமுத்துப் பூசணம் பிடிக்கும். கொஞ்சமாக வைத்து, சாயங்காலம் மிச்சத்தை அள்ளிவிட்டுத் தட்டைக் கழுவிக் காயவையுங்கள். அழுக்குத் தட்டில் கூட்டமாகத் தின்னும்போது ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும்.

தினையைவிட மெஷின் விஷயம்தான் முக்கியம். மாதா மாதம் வெட்டினால் எந்தப் புல்லும் மணி பிடிக்காது. விளையாட்டு மைதானத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அது வேண்டியதுதான். வேலியை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒரு பட்டையை விட்டுவிடுங்கள். கதிர் முற்றி உதிர்ந்த பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, அதையும் பாதி இந்த மாதம், பாதி இரண்டு மாதம் கழித்து என்று வெட்டலாம். அந்தப் பட்டையில் கிக்குயூ புல் ஏறினால் பிடுங்கிவிடுங்கள். அது தரையோடு மெத்தையாகப் படர்ந்து மற்றப் புல்லை அமுக்கிவிடும், கதிரைத் தூக்கி நிறுத்தாது. மஞ்சள் பூப் பூக்கிற ஸ்காட்ச் புரூமையும் அழகாக இருக்கிறதே என்று விட்டு வைக்காதீர்கள். களைக்கொல்லி மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது. வெட்டுவதற்கு முன்பு மெஷின்காரரோடு நீங்களும் ஒரு நடை நடந்து, வேலிப் புதரில் புல் உருண்டை ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடு இருந்தால் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, அதைச் சுற்றி ஆறடியை அடுத்த தடவைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.